சின்னம்மைக்கு இருக்கும் கட்டம் கொரோனாவுக்கு ஏன் இல்லை? பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையில் நோய்த்தடுப்பு விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வார்டில் பயிற்சிக்கு அனுப்பும் முன் கல்லூரியில் ஒரு உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். அதில் சின்னம்மைக்கு ஒரு வரி. ‘நோய் வந்திருக்கிறது’ என்று ஒரு கட்டம், ‘ஊசி போட்டாயிற்று’ என்று இன்னொரு கட்டம். இரண்டில் எதை டிக் செய்தாலும் சரி. ஹெப்பட்டைட்டிஸ் பி-க்கு ஊசித் தேதிகளைக் கேட்கிறார்கள். தேதி தெரியாதவர்கள் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்) எவ்வளவு என்ற ரிப்போர்ட்டைக் கொடுக்கலாம். அடுத்த வரி கொரோனா. முதல் தவணைத் தேதி, இரண்டாம் தவணைத் தேதி, சான்றிதழ் எண். வேறு எதையும் எழுத அங்கே இடமில்லை.

என் மகளுக்கு ஒரு தவணைதான் ஆகியிருக்கிறது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி தொடங்கியபோது, பள்ளியில் நடந்த முகாமில் அந்த வாரமே கோவாக்சின் போட்டுக்கொண்டாள். அதே மாதக் கடைசியில், ஒமிக்ரான் அலையில், வீட்டில் எல்லோரும் படுத்தோம். அவளுக்கும் ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ். கொரோனாவிலிருந்து தேறியவர்கள் மூன்று மாதம் கழித்தே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2021 மே மாதம் சொல்லியிருந்தது. 2022 ஜனவரியிலும் அதையே மறுபடி சொன்னது. காத்திருந்தோம். மூன்று மாதம் முடிந்தபோது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அப்புறம் பள்ளி மாறினாள், முகாம்களும் ஓய்ந்தன, எங்கள் குழந்தை மருத்துவரும் இனி அவசரமில்லை என்றார்.

அரசு சொன்னபடி காத்திருந்த பிள்ளைக்கு இப்போது ‘முழுமையாகத் தடுப்பூசி போடாதவர்’ என்று பெயர். இரண்டாம் தவணைச் சான்றிதழ் இல்லாமல் வார்டுக்குள் விட முடியாது என்கிறார்கள். நோய் வந்ததற்கான ரிப்போர்ட்டை நீட்டினால், “இதை எங்கே பதிவது, கட்டமே இல்லையே” என்கிறார் அலுவலகத்தில் இருப்பவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இது யாருடைய விதி, சுற்றறிக்கை எங்கே என்று கேட்டேன். மேலே இருந்து வந்தது என்றார்கள். எந்த மேலே என்று யாருக்கும் தெரியவில்லை. 2021 கடைசியில் யாரோ அவசரத்தில் அச்சடித்த படிவம் இன்று வரை நகல் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சரி, வம்பே வேண்டாம், போட்டுவிடலாம் என்று பார்த்தால், எங்கள் ஊரில் இன்று கோவாக்சின் கிடைக்குமா என்று கேட்டதற்கு மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார்.

கல்லூரியோடு சண்டை போட எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அந்தப் படிவத்துக்கு விதை போட்டது 2021 நவம்பரில் நம் மாநிலத்தில் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு. பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டவர்கள்தானா என்று அந்த இடங்களை நடத்துகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றது அது. போட்டவர், போடாதவர் என்று இரண்டே வகை. நோய் வந்து தேறியவர் என்ற மூன்றாவது வகை அந்த உத்தரவின் கண்ணில் படவே இல்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் இப்படியே எழுதிவிடக் கூடாது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டம் ஒன்றில் மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்பாளராக வேலை பார்க்கிறேன். ஊசிக்கு எதிரானவள் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கு 2021 ஜனவரி 16 அன்று ஊசி தொடங்கியபோது, பயந்து பின்வாங்கிய சக ஊழியர்களிடம் பேசி அவர்களை அழைத்துப் போனவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆண்டு மே மாதம் இரவு பகலாக சாம்பிள் ஓட்டினோம். ‘இயற்கை எதிர்ப்புச் சக்தி’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மாதம் நான் பாசிட்டிவ் என்று பதிந்த பெயர்களில் சிலருக்கு, அந்தச் சக்தி வருவதற்குள் உயிர் போய்விட்டது. நோய் வந்து தேறியவருக்குத்தான் அந்தக் கணக்கு. தேறாதவரை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

ஆனால் தேறியவருக்கு உண்மையிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதை மறுப்பதும் அறிவியல் இல்லை. நோய் எதிர்ப்பியலின் பழைய பாடமே அதுதான். 1846-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பேரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, அங்கிருந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் ஆறாயிரம் பேர் படுத்தார்கள். விசாரிக்கப் போன இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பனும் ஒன்றைக் கவனித்தார். அதற்கு முன் அந்தத் தீவுகளில் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது நோய் கண்டு பிழைத்த கிழவர்கள், கிழவிகள் யாருக்கும் இந்த முறை நோய் வரவில்லை. 65 ஆண்டுகள் கழித்தும் உடல் அதை மறக்கவில்லை. நம் ஊரில் பாட்டிகள் அம்மை கண்ட பிள்ளைக்குத் துணையாக, சிறுவயதில் அம்மை கண்ட ஆளையே உட்கார வைத்தார்கள் என்றால் அவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது.

சட்டத்துக்கும் தெரிந்திருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1880-இல், பெரியம்மைக்குக் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் வந்தது. மக்களிடம் கனிவு காட்டிய ஆட்சி என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராத பெற்றோருக்குத் தண்டனை உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு ஊசி கட்டாயம் என்பதற்கு அந்தச் சட்டம் முதலிலேயே ஒரு வரையறை வைத்தது. ‘பாதுகாப்பு இல்லாத பிள்ளை’ என்றால், பெரியம்மை இயற்கையாகவோ, அம்மைச் சீழைக் குத்திக்கொண்டதாலோ வந்து போகாத, ஊசியும் வெற்றிகரமாகப் போடப்படாத பிள்ளை. அதாவது நோய் வந்து தேறிய குழந்தையைக் கட்டாயத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் அபராதத்தைப் பற்றியே பேசியது. வைரஸ் என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. ஆன்டிபாடியை அளக்கக் கருவி இல்லை. அப்படியும் எழுத முடிந்திருக்கிறது. ஆன்டிபாடியை அளக்கும் எலைசாவும் கிருமியைக் கண்டுபிடிக்கும் பிசிஆரும் வந்துவிட்ட காலத்தில் நம்மால் எழுத முடியவில்லை.

கொரோனா விஷயத்தில் தேறியவர்களைக் கணக்கில் எடுக்க ஆதாரம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. உங்கள் உத்தரவு வருவதற்கு முன்பே, 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய நாலாவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், நாட்டில் 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. ஊசியே போடாதவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஆறு பேரிடம் இருந்தது. இரண்டாம் அலை ஊர் ஊராகப் புகுந்து போனதன் தடயம் அது. அதே ஜூலை மாதம் ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சான்றிதழைக் கொண்டுவந்தது. ஊசி போட்டவர், பரிசோதனையில் நெகட்டிவ் வந்தவர், நோயிலிருந்து தேறியவர் என்று மூன்று பேரையும் அது ஏற்றுக்கொண்டது. தேறியவருக்கு 180 நாள் கெடு. இஸ்ரேலின் பச்சை அனுமதிச் சீட்டிலும் தேறியவருக்கு இடம் இருந்தது. பிரான்ஸ் 2021 பிப்ரவரியிலேயே, ஏற்கெனவே நோய் வந்தவருக்கு ஒரே தவணை போதும் என்று சொல்லிவிட்டது. நோயை ஒரு தவணையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குப்படி என் மகள் முழுமையாகத் தடுப்பூசி போட்டவள்.

ஐரோப்பாவிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஜெர்மனியில் தேறியவருக்கான கெடு ஆறு மாதமாக இருந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். நேற்று வரை உணவகத்துக்குள் போனவர் மறுநாள் வாசலில் நின்றார். பெரிய சர்ச்சையானது. ஆனாலும் அங்கே சண்டை எத்தனை மாதம் என்பதைப் பற்றியது. இங்கே நாம் அந்தக் கேள்விக்கே வரவில்லை.

அடுத்து வந்த ஆய்வுகளையும் பாருங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022 ஜனவரியில் கலிபோர்னியா, நியூயார்க் மாநிலக் கணக்கை வெளியிட்டது. கட்டாயத் தடுப்பூசியை வலுவாக ஆதரித்த அரசின் அமைப்பு அது. டெல்டா பரவுவதற்கு முன், ஊசி போட்டவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. டெல்டா வந்து, அக்டோபர் 2021 வாக்கில், ஊசி மட்டும் போட்டவர்களைவிட நோய் வந்து தேறியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. மருத்துவமனையில் சேர்வது மிகக் குறைவாக இருந்தது நோயும் வந்து ஊசியும் போட்டவர்களிடம். லான்செட் மருத்துவ இதழில் 2023 பிப்ரவரியில் 19 நாடுகளின் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. ஒருமுறை நோய் வந்தவருக்குப் பத்து மாதம் கழித்தும் தீவிர நோயிலிருந்து 88 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் ஒமிக்ரான் மறுபடி தொற்றாமல் தடுப்பதில் அது 36 சதவீதமாக இறங்கிவிட்டது. இன்னொரு தொகுப்பாய்வு, தீவிர நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை ஓராண்டு கழித்து, தேறியவருக்கு 75 சதவீதத்தை ஒட்டியும், நோயும் ஊசியும் இரண்டும் கண்டவருக்கு 97 சதவீதத்தை ஒட்டியும் சொன்னது. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனால் எந்த ஆய்வும் தேறியவரை ஒன்றுமே இல்லாதவரோடு சேர்த்து வைக்கவில்லை. நம் படிவம் வைத்தது.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, ஊசியே வேண்டாம் என்று ஆய்வகத்தில் இருப்பவரே சொல்கிறார்” என்று வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட ஆள் இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நோய்க்கு நோய் கணக்கு வேறு.

ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து பிழைத்தவருக்கு எதிர்ப்பாற்றல் வராது. அதன் நஞ்சு ஆளைக் கொல்லும் அளவே உடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போதாது. தேறியவருக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடலே வென்றுவிடும், பாதுகாப்பும் தங்கும். அதே கிருமி பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்தால், பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் ஆயுளுக்கும் தங்கி ஈரலைத் தின்னும். சின்னம்மை வந்து போனால் அநேகமாகத் திரும்ப வராது, ஆனால் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து முதுமையில் அக்கியாகக் கிளம்பும். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரோ தீவுக் கிழவர்களின் 65 ஆண்டுப் பாதுகாப்பு உண்மைதான். அது என்ன விலைக்குக் கிடைத்தது என்று நமக்கு அண்மையில்தான் தெரிந்தது. நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் ஊசி போடாத குடும்பங்களின் பிள்ளைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தப் பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தன. ஒரு நோய்க்கு எதிர்ப்பாற்றல் வாங்கக் கொடுத்த விலை, மற்ற நோய்களுக்கு இருந்த எதிர்ப்பாற்றல். இது போதாதென்று, தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிதைக்கும் எஸ்எஸ்பிஇ என்ற நோய் ஒன்று இருக்கிறது. ஒருமுறை அந்த நோயாளிப் பிள்ளையின் தண்டுவட நீர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. இயற்கை எதிர்ப்புச் சக்திக்காகப் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்கிறவர் அந்தத் தாயோடு ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கட்டும்.

டெங்கு இன்னும் விசித்திரம். நாலு வகை இருக்கிறது. ஒன்று வந்தவருக்கு வேறு வகை வந்தால் இரண்டாம் முறை ஆபத்து கூடும். அதனால் அதன் தடுப்பூசி விஷயத்தில் ‘முன்பு வந்திருக்கிறதா’ என்ற கேள்விதான் உயிர்நாடி. பிலிப்பைன்ஸில் 2016-இல் அந்தக் கேள்வியைக் கேட்காமலே டெங்வாக்சியா என்ற டெங்கு ஊசியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு இந்த ஊசி ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. திட்டம் நின்றது. உலக சுகாதார நிறுவனம் அடுத்த ஆண்டு, பரிசோதித்து முன்பு டெங்கு வந்தவருக்கு மட்டும் போடுங்கள் என்றது. அந்த நாட்டில் தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம், 2018-இல் 32 சதவீதம். 2019-இல் அங்கே தட்டம்மை வெடித்தது. டெங்குவுக்கான ஊசியில் கேட்க மறந்த கேள்விக்குத் தட்டம்மையில் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

தடுப்பூசியின் மேல் நம்பிக்கை எங்கே உடையும் என்பதை நம் மாநிலமும் பார்த்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் நம்மிடமும் கர்நாடகத்திலும் புதுச்சேரியிலும் கோவாவிலும் லட்சத்தீவிலும் தொடங்கியபோது, பள்ளி வாசலில் எத்தனை பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினார்கள் என்பது உங்கள் கிராம செவிலியர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் வதந்திக்கு வேலை செய்ய ஒரு பிளவு வேண்டும். ‘எனக்கு நோய் வந்து போச்சே, அப்புறமும் ஏன் அதே விதி?’ என்று ஒருவர் கேட்கும்போது நேரான பதில் சொல்லாவிட்டால், அந்தப் பிளவை நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள். எங்கள் தெருவில் 2021 டிசம்பரில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் இதே கேள்வியைத்தான் கேட்டார். ஆக்சிஜனில் பல நாள் கிடந்து பிழைத்தவர். பதில் சொல்ல ஆளில்லை. ஊசி போடாமல் கடைக்குள் வராதே என்ற பலகை மட்டும் இருந்தது. பதில் யூட்யூபில் கிடைத்தது அவருக்கு. இப்போது பேரனுக்குத் தட்டம்மை ஊசியே வேண்டாம் என்கிறார். அவரிடம் அன்று, “அண்ணே, உங்களுக்கு வந்து போனதை ஒரு தவணையாக எடுத்துக்கொள்கிறோம், இன்னொன்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் பலம்” என்று ஒரு செவிலியர் சொல்லியிருந்தால் கையை நீட்டியிருப்பார்.

மக்களுக்காக விதியை வளைக்க உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம் வைத்தால் கறி தின்கிறவர்களும் குடிக்கிறவர்களும் வரத் தயங்குகிறார்கள் என்று 2021 அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கே மாற்றினீர்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் அதை வெளிப்படையாகவே சொன்னார். கேட்டுச் சிரித்தோம், ஆனால் அது புத்திசாலித்தனமான முடிவு. ஆட்டுக்கறிக்குக் கிடைத்த மரியாதை ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட்டுக்கும் கிடைத்திருக்கலாம்.

நடைமுறைச் சிக்கல் இருந்தது என்பீர்கள். இருந்தது, அதை நானே சொல்கிறேன். நோய் வந்த பலருக்குப் பரிசோதனையே நடக்கவில்லை. ‘தேறியவர்’ சான்றிதழ் என்று ஒன்று வந்திருந்தால் போலி ரிப்போர்ட் விற்கவும் ஆள் கிளம்பியிருக்கும். அதைவிட மோசம், சான்றிதழுக்காக வேண்டுமென்றே நோயை வாங்கிக்கொள்ளும் இளவட்டங்கள். ஆன்டிபாடி டெஸ்டும் சுலபமான வழி இல்லை. ஹெப்பட்டைட்டிஸ் பி-க்கு 10 என்ற அளவு இருந்தால் பாதுகாப்பு என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இருக்கிறது. கொரோனாவுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. கோவிஷீல்டு போட்டவரிடம் கிருமியின் வெளிமுள்ளான ஸ்பைக் புரதத்துக்கான ஆன்டிபாடி மட்டும் இருக்கும். உள்புரதமான ‘என்’ புரதத்துக்கும் ஆன்டிபாடி இருந்தால் நோயும் வந்திருக்கிறது என்று பிரித்துவிடலாம். கோவாக்சின் முழுக் கிருமியைக் கொன்று செய்தது என்பதால் அங்கே இந்த வித்தை பலிக்காது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த தலைவலிதான்.

ஆனால் பாசிட்டிவ் வந்த ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் எஸ்ஆர்எஃப் என்ற பதிவு எண் போட்டு, பெயர், வயது, ஆதார், கைபேசி எண் எல்லாம் தட்டச்சு செய்து ஐசிஎம்ஆர் தளத்தில் ஏற்றினோம். நள்ளிரவில் தளம் தொங்கும்போதும் காத்திருந்து ஏற்றினோம். விடிந்ததும் உங்கள் ஆட்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். தனிமைப்படுத்தப் பயன்பட்ட அதே பட்டியல் தேறிய பிறகு ஒரு சான்றிதழ் தரப் பயன்படாமல் போனது ஏன்? ஊசிப் பதிவுக்கான கோவின் தளம் ஒரு பக்கம், பரிசோதனைப் பதிவுக்கான ஐசிஎம்ஆர் தளம் ஒரு பக்கம். இரண்டையும் இணைப்பது மத்திய அரசின் வேலை என்பீர்கள். கேட்டீர்களா, ஒரு கடிதமாவது எழுதினீர்களா என்பதுதான் என் கேள்வி.

கடைசியாக உச்ச நீதிமன்றம். 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு, தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் மாநில அரசும் தன் கட்டுப்பாடுகளை நியாயப்படுத்தி அங்கே வாதாடியது. தடுப்பூசிக் கொள்கை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அறிவியல் கருத்து மோதலுக்குள் இறங்கித் தீர்ப்புச் சொல்லவும் மறுத்தது. ஆனால் உடல் மீதான உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, கட்டுப்பாடு விதித்தால் அது அளவோடு இருக்க வேண்டும் என்றது. ஊசி போடாதவர் மூலம் நோய் பரவும் அபாயம், போட்டவர் மூலம் பரவுவதைவிடப் பெரிதாக வேறுபடவில்லை என்று மனுதாரர் காட்டிய ஆதாரங்களை மறுக்க மத்திய அரசோ மாநிலங்களோ எந்தத் தரவும் தரவில்லை என்பதையும் பதிவு செய்தது. தொற்று குறைவாக இருக்கும்வரை இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டாம், தனியார் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும்கூடத் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. கல்வி நிறுவனங்கள் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5 அன்று அவசரநிலையை முடித்துவிட்டது. அத்தனைக்குப் பிறகும் எங்கள் பிள்ளைகளின் படிவத்தில் அந்த வரி உட்கார்ந்திருக்கிறது.

செவிலியராகப் போகிறவர்களுக்குச் சில ஊசிகள் கட்டாயமாக இருக்கத்தான் வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி இல்லாமல் என் மகள் ஊசி முனையைத் தொடுவதை நானே அனுமதிக்க மாட்டேன். ஒரு கட்டாயத்துக்கு மரியாதை இருக்க வேண்டுமானால், அது யாருக்கு, எதற்காக, எதுவரை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கேட்கிறேன்.

மாநிலத்தின் எல்லா மருத்துவ, செவிலியர், துணை மருத்துவக் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சேர்க்கைக்கும் பயிற்சிக்கும் கொரோனாச் சான்றிதழ் நிபந்தனை இல்லை என்று அதில் ஒரே வாக்கியம் இருந்தால் போதும். அடுத்த பயிற்சிப் பருவம் தொடங்கும் முன் அது வர வேண்டும். இல்லை, கட்டாயம்தான் என்று துறை நினைத்தால், அதற்கான காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் வெளியிடுங்கள். ஊசி எங்கே கிடைக்கும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் எந்தத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினாலும், ‘நோய் வந்து தேறியவர்’ என்ற வகைக்கு என்ன விதி என்று அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். ரணஜன்னி மாதிரி நோய் என்றால், தேறியவரும் போட்டாக வேண்டும் என்று எழுதுங்கள். சின்னம்மை மாதிரி என்றால் விலக்கு கொடுங்கள். கொரோனா மாதிரி தெளிவு மெதுவாக வரும் நோய் என்றால், தொற்றை ஒரு தவணையாக எடுத்துக்கொண்டு கெடு வையுங்கள். கெடுவை மாற்றினால் முன்கூட்டியே அறிவித்து மாற்றுங்கள். ஒவ்வொரு கட்டாய உத்தரவுக்கும் முடிவுத் தேதி வேண்டும். நீட்டிக்கக் காரணம் இருந்தால் நீட்டிக்கலாம், இல்லாவிட்டால் தானாகவே காலாவதியாக வேண்டும்.

தொற்று உறுதியானவரின் பதிவை அவரே தன் கைபேசியில் சான்றிதழாக இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். பரிசோதனை வசதி கிடைக்காத கிராமத்துக்காரர் இதில் விடுபட்டுவிடாமல், அரசு மருத்துவர் எழுதித் தரும் சான்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த நோய்க்கு முன்பு வந்தது கணக்கில் சேரும், எதற்குச் சேராது, ஏன் என்பதை நல்ல தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரின் பையிலும் வையுங்கள். எங்கள் தெருப் பட்டறைக்காரர் மாதிரி ஆட்களிடம் பேச அவர்களிடம் இன்று எதுவும் இல்லை.

இந்த மடலுக்குப் பதிலாக எனக்குத் தனியாக ஒரு விலக்குக் கடிதம் வேண்டாம். அதே வகுப்பில் இன்னும் சில பிள்ளைகள் இதே நிலையில் இருக்கிறார்கள். பதிலைப் பொதுவில், துறையின் தளத்தில், தேதியும் கையெழுத்தும் போட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை ஆய்வக நுட்பாளர்,
செவிலியர் மாணவி ஒருத்தியின் அம்மா